எட்டுக் கட்டில்

நூற்றாண்டு மலருக்கு
நிறுவனரைப் பற்றி ஒரு பக்கக் கவிதை வேண்டுமாம்.
"வள்ளல்னு ஆரம்பிங்க, மிச்சம் தானா வந்துருமுங்க"
என்றார் மலர்க்குழுச் செயலர், பனியன் கம்பெனி முதலாளி.
நான் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறை எழுத்தன்.
எனக்குத் தானாக வருவது தும்மல்தான்,
பழைய கட்டுகளைப் பிரித்தால்.

பிரித்தேன்.

எட்வின் க்ராப்ட்ரீ.
ஊர் வாயில் நுழையாமல் கிராபிட்டி துரை ஆனான்.
ஓல்டாமில் ஒன்பது வயதில்
ஓடும் கதிர்களுக்கு அடியில் ஊர்ந்து
பஞ்சுத்தூசி கூட்டியவன்.
இடக்கை விரல் இரண்டை அங்கேயே விட்டுவிட்டு
மிச்ச எட்டால் பிட்டர் வேலை கற்றுக் கப்பலேறினான்.

சென்னைத் துறைமுகத்தில்
விரிசல் விட்ட பாய்லர் ஒன்று, பழைய இரும்பு விலைக்கு.
ரயிலேற்றித் திருப்பூரில் இறக்கி
பதினெட்டு ஜோடி மாடு பூட்டி
நொய்யல் கரைக்கு இழுத்தான்.
வாய்க்கால் மேட்டில் மூன்று நாள் அது நகரவில்லை.
நாலாம் நாள் மசக்காளி என்கிற கொல்லன்
அச்சுக்கு விளக்கெண்ணெய் வார்த்தான்.
அன்றிலிருந்து அவன் மேஸ்திரி.
கருங்கண்ணிப் பருத்தி பொதி பொதியாய் வந்தது,
கொட்டை வேறு பஞ்சு வேறாகப் போனது.

பிறகு தாது வருசம்.
பருத்தியும் இல்லை, தின்னக் கம்பும் இல்லை.
சும்மா கிடந்த பாய்லரை மூட்டச் சொன்னான்.
எங்கிருந்தோ தானியம் தருவித்தான்.
நீராவிக் குழாயை அண்டாவுக்குள் இறக்கிக்
கூழ் காய்ச்சினான்.
"வெறகு எரியறது அக்கட்டால, கூழு கொதிக்கறது இங்கீங்"
என்று அதிசயம் பார்த்துக்கொண்டே குடித்தது சனம்,
காங்கயம், தாராபுரம் பக்கமிருந்தெல்லாம்.
நாளொன்றுக்கு எத்தனை சட்டி என்று
கணக்குப்பிள்ளை கோடு கிழித்து வைத்திருக்கிறார்.

மலருக்கு இது போதும்.

ஆனால் அடுத்த கட்டில்
அதே பெயர்கள், வேறு தலைப்பில்.
மழை பெய்து பருத்தி திரும்பியதும்
கூழுக்கு நின்ற பிள்ளைகள்
வரிசை கலையாமல் ஆலைக்குள் போயிருக்கிறார்கள்.
நாளுக்கு அரையணா,
உருளைக்குக் கீழே கொட்டை பொறுக்க.
குனிவதற்குச் சின்ன முதுகுதான் தோது.
அவனுக்கு யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாவாத்தாள், வயது எட்டோ ஒன்பதோ.
வலக்கை.
ரயிலுக்கு விடிய வேண்டும் என்று
துரையே வண்டியில் போட்டுக்கொண்டு
கோயமுத்தூருக்கு ஓட்டினான்.
சூலூர்க் குளத்தோரம் வெளுத்தபோது
வண்டியைத் திருப்பினான்.
மூன்று நாள் ஆலை நின்றது.
நாலாம் நாள் ஓடியது.

அந்த மாதம்தான் ஆஸ்பத்திரிக்கு முதல் செங்கல்.
எட்டுக் கட்டில்.
விரல் கணக்கு என்று நினைத்து
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.
அப்புறம் கொத்தனார் சீட்டு கிடைத்தது:
பணம் எட்டுக்குத்தான் வந்தது.

அதற்குப் பின் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கவில்லை
என்கிறது மலர்க்குழு.
எடுத்தான். பத்து வயதுக்கு மேல்.

பதிவேட்டுக்குத் தன் கையால் கோடு போட்டிருக்கிறான்:
பெயர், ஊர், இயந்திரம், எந்தக் கை, எத்தனை விரல்.
கடைசியாக ஒரு கட்டம்.
அதற்குத் தலைப்பு எழுதவில்லை.
இருபத்தேழு வருசம் யாரும் அதை நிரப்பவுமில்லை.

உயிலில், ஆலையை விற்ற காசு ஆஸ்பத்திரிக்கு.
ஓல்டாமில் தங்கைக்கு நாற்பது பவுன்.
சங்கிலிக் கடிகாரம் மசக்காளிக்கு.
மசக்காளி அதை விற்று எருமை வாங்கினான்;
நல்ல கறவையாம்.

நேற்று ராத்திரி ஒன்றரைக்கு
கட்டிங் மெஷினிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள்,
ஒடிசாக்காரன், திபாகர்.
விரல் தனியாக, ஐஸ் போட்ட பாலிதீன் பையில்.
பையின் மேல் கம்பெனி பெயர்.
"வள்ளல்னு ஆரம்பிங்க" என்றாரே, அவருடையது.
பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க என்றார் கூட வந்தவர்.
பையன் ஒன்றும் சொல்லவில்லை.

படிவம் இன்னமும் அதே அச்சுத்தான்.
ஐந்து கட்டம் நிரப்பினேன்.
ஆறாவதன் மேல் பேனா சித்தெ நேரம் நின்றது.

ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது, தெரியும்.
வேண்டிய இடத்தில்
வெட்டிக்கொள்ளட்டும்.